நடுப்புள்ளி எங்கே?

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு சகோதரி நீளமான கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சாரம் இது:

“எங்களுடையது பழைய வீடு. திண்ணை, ரேழி, கூடம் எல்லாம் தாண்டிக் கொல்லையை ஒட்டிச் சமையலறை. என் மாமியாருக்கு மாமியார் காலத்தில் விறகடுப்பு; பிறகு குமுட்டி; பிறகு மண்ணெண்ணெய் ஸ்டவ்; இப்போது காஸ். அடுப்பு மாறிக்கொண்டே வந்ததே தவிர, அடுப்புக்குப் பின்னாலுள்ள சுவர் மட்டும் மாறவே இல்லை. எத்தனை தடவை வெள்ளை அடித்தாலும் மூன்றே மாதத்தில் எண்ணெயும் மஞ்சளுமாக ஆகிவிடுகிறது. இந்த வருஷம் அதற்கு டைல்ஸ் ஒட்டலாம் என்று ஒருவழியாக வீட்டில் சம்மதம் கிடைத்திருக்கிறது. சுவர் 8 அடி அகலம். நான் பார்த்து வைத்திருக்கும் டைல் 1 அடிச் சதுரம். ‘எட்டுக்கு எட்டு, இதில் யோசிக்க என்ன இருக்கிறது?’ என்கிறார் என் கணவர். திருச்சியில் என் ஓர்ப்படி வீட்டிலும் இதே கணக்கைத்தான் சொன்னார்கள். இன்று அவள் சுவரின் வலது ஓரத்தில் விரல் அகலத்துக்கு ஒரு துண்டு வரிசை மேலிருந்து கீழ்வரை இறங்குகிறது. மேலே ஓர் அகலம், கீழே ஓர் அகலம். அந்த மூலையைப் பார்த்துக்கொண்டேதான் தினம் ரசம் வைக்கிறாள். எனக்கும் அந்தக் கதி வராமலிருக்க என்ன செய்யவேண்டும்?”

நல்ல சமயத்தில் கேட்டீர்கள், சகோதரி. வெள்ளை அடித்தது பிடிக்காவிட்டால் அடுத்த பொங்கலுக்கு வேறு நிறம் அடித்துக்கொள்ளலாம். டைல்ஸ் அப்படியல்ல. ஒட்டினது ஒட்டினதுதான். உளியும் சுத்தியலும் கொண்டு பெயர்த்தால் டைலோடு சுவர்ப் பூச்சும் சேர்ந்து வரும். பழைய சுண்ணாம்புச் சுவர் என்றால் கேட்கவே வேண்டாம்.

வீட்டுக்கு வருகிற விருந்தாளி அந்தச் சுவரை ஒரு தடவை பார்ப்பார். வீட்டு ஆண்கள் தண்ணீர் குடிக்க வரும்போது பார்ப்பார்கள், பார்த்தால்! அடுப்படியில் நிற்கிறவளோ இருபது வருஷம் பார்த்தாக வேண்டும். ஆகையால் அந்தச் சுவரில் முதல் கோடு எங்கே விழவேண்டும் என்று சொல்லும் உரிமை அவளுக்குத்தான் உண்டு. அதற்கு வேண்டிய வித்தையும் அவள் கையில் ஏற்கெனவே இருக்கிறது. கோலம் போடத் தெரியுமல்லவா? அது போதும்.

வாசலில் இருக்கும் கணக்கு

மார்கழி மாதம் விடியற்காலையில் சித்திரை வீதியில் நடந்து பாருங்கள். எந்தப் பெண்ணாவது வாசலின் இடது மூலையில் முதல் புள்ளியை வைத்து, வலது மூலையில் இடம் போதாமல் அரைப் புள்ளியோடு நிறுத்துகிறாளா? கிடையாது. வாசல்படிக்கு நேராக நின்று கண்ணாலேயே நடுவைப் பிடிக்கிறாள். நடு வரிசைப் புள்ளிகளை முதலில் வைக்கிறாள். பிறகு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று பெருக்கிக்கொண்டு போகிறாள். இடம் மிஞ்சினால் இரண்டு பக்கமும் சமமாக மிஞ்சும். குறைந்தாலும் சமமாகவே குறையும்.

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. 7, 9, 15 என்று ஒற்றைப்படையில் புள்ளி வைத்தால் நடுக்கோட்டின்மேல் ஒரு புள்ளி உட்காரும். 6, 8, 10 என்று இரட்டைப்படையில் வைத்தால் நடுக்கோட்டின்மேல் புள்ளி வராது. இரண்டு புள்ளிக்கு இடையிலுள்ள சந்துதான் வரும். இரண்டும் அழகான கோலந்தான். ஆனால் உங்கள் வாசலுக்கு எது பொருந்தும் என்று புள்ளி வைப்பதற்கு முன்னாலேயே தீர்மானித்தாக வேண்டும்.

டைல்ஸிலும் இதே இரண்டு வழிதான் உண்டு. சுவரின் நடுக்கோட்டில் ஒரு டைலின் வயிறு வரலாம்; அல்லது இரண்டு டைல் சேரும் சந்து வரலாம். மூன்றாவது வழி, மூலையிலிருந்து தொடங்கி வருகிறபடி வரட்டும் என்று விட்டுவிடுவது. ஓர்ப்படியின் சுவரில் நடந்தது அதுதான்.

நடுவிலிருந்து வெளியே போவது என்பதை ஸ்ரீரங்கத்தில் இருப்பவர்களுக்கு நான் சொல்லித் தரவேண்டுமா? ரங்கநாதர் சந்நிதியைச் சுற்றி ஏழு பிராகாரங்கள். உத்தர வீதி, அதற்கு வெளியே சித்திரை வீதி, அதற்கும் வெளியே அடையவளைந்தான் வீதி என்று ஊரே கோயிலை நடுவில் வைத்து விரிந்திருக்கிறது. தெற்கே நெடுங்காலம் மொட்டைக் கோபுரமாக நின்ற ராஜகோபுரம் 1987-ல்தான் 236 அடி உயரத்துக்கு எழும்பி நிறைவு பெற்றது. நடு நிச்சயமாக இருந்ததால் ஓரம் அத்தனை காலம் காத்திருக்க முடிந்தது!

ஓர் அடி டைல் ஓர் அடியல்ல

இனி உங்கள் சுவருக்கு வருவோம். ‘எட்டுக்கு எட்டு’ என்ற கணக்கு ஏன் தப்புகிறது?

கடையில் ‘ஒரு அடி டைல்’ என்று சொல்லித்தான் விற்பார்கள். பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் 300-க்கு 300 மில்லிமீட்டர் என்று அச்சிட்டிருக்கும். நிஜமான ஓர் அடியோ 304.8 மில்லிமீட்டர். 1956-ல் சட்டம் வந்து மெட்ரிக் அளவு வழக்கத்துக்கு வந்த பிறகு, ஆலைகளெல்லாம் மில்லிமீட்டருக்குப் போய்விட்டன. நம் வீடுகளும் கொத்தனார்களும் அடியிலும் அங்குலத்திலும் நின்றுவிட்டோம். டைல்ஸில் பெரும்பங்கு வருகிற குஜராத்தின் மோர்பிக்கும் நம் சமையலறைக்கும் இடையே ஒரு டைலுக்கு 5 மில்லிமீட்டர் தகராறு! அது சின்னத் தகராறுதான். ஆனால் எட்டுத் தடவை சேர்ந்தால் பெரிதாகிவிடுகிறது.

பென்சிலும் காகிதமும் எடுத்துக்கொள்ளுங்கள். 8 அடி என்பது 2438 மில்லிமீட்டர். 8 டைல் 2400. டைலுக்கும் டைலுக்கும் நடுவே 2 மில்லிமீட்டர் சந்து விட வேண்டும். சந்தே இல்லாமல் நெருக்கி ஒட்டக்கூடாது. சூட்டில் விரிய இடமில்லாமல் டைல் பெயர்ந்துகொள்ளும். எட்டு டைலுக்கு நடுவே 7 சந்து, அதற்கு 14. ஆக 2414. மிச்சம் 24. அதில் ஒரு சந்துக்கு 2 போனால் 22 மில்லிமீட்டர். அதாவது ஒரு விரற்கடை. அந்த அகலத்துக்கு ஒரு துண்டை வெட்டி ஓரத்தில் சொருக வேண்டும். ஓர்ப்படியின் விரல் அகலத் துண்டு வந்த வழி இப்போது புரிகிறதல்லவா?

‘சரி, நடுவிலிருந்து தொடங்கினால் தீர்ந்தது’ என்று அவசரப்படாதீர்கள். நடுக்கோட்டில் சந்து வரும்படி இரண்டு பக்கமும் நாலு நாலு டைல் வைத்தால் என்ன ஆகும்? ஓரங்களில் 10 மில்லிமீட்டர், 10 மில்லிமீட்டர் மிஞ்சும். இரண்டு பக்கமும் சமம் என்பது வாஸ்தவந்தான். அவலட்சணமும் இரண்டு பக்கமும் சமம்!

இங்கேதான் ஒற்றைப்படைக் கோலம் கைகொடுக்கிறது. இதற்கு ஒரு சுலபமான சூத்திரம் இருக்கிறது. மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: மிச்சத் துண்டோடு ஒரு முழு டைலைச் சேர்த்து, இரண்டால் வகுத்துவிடு.

உங்கள் சுவரில் மிச்சம் 22. ஒரு முழு டைல் 300. கூட்டினால் 322. பாதி 161. ஆக நடுவில் 7 முழு டைல். இடது ஓரத்தில் 161, வலது ஓரத்தில் 161. ஏழில் நடு டைலின் வயிறு சுவரின் நடுக்கோட்டில் உட்காரும். சரி பார்ப்போமா? 7 டைலுக்கு 2100, இரண்டு துண்டுக்கு 322, 8 சந்துக்கு 16. மொத்தம் 2438. அப்பழுக்கில்லாமல் வந்துவிட்டது.

இந்தச் சூத்திரத்தில் விசேஷம் என்னவென்றால், சுவர் எத்தனை அடி ஆனாலும், டைல் எந்த அளவு ஆனாலும், ஓரத் துண்டு ஒருபோதும் அரை டைலுக்குக் கீழே இறங்காது. எண்ணிப் பாருங்கள், ஒரு முழு டைலில் பாதி அதில் எப்போதும் இருக்கிறதே!

செலவு அதிகமாகுமோ என்ற பயம் வேண்டாம். உங்கள் சுவருக்கு உயரம் 2 அடி என்று எழுதியிருக்கிறீர்கள். அதாவது இரண்டு வரிசை. மூலையிலிருந்து போட்டால் 16 முழு டைலும், துண்டுகளுக்கு ஒன்றுமாக 17. நம் முறையில் வரிசைக்கு ஒன்பதாக 18. ஒரே ஒரு டைல்தான் வித்தியாசம்.

பழைய சுவர் நேராக இருக்குமா?

ஓர்ப்படியின் சுவரில் துண்டு வரிசை மேலே ஓர் அகலமும் கீழே ஓர் அகலமுமாக இருக்கிறது என்று எழுதினீர்கள். அதற்கு மேஸ்திரியின் கையைக் குற்றம் சொல்ல முடியாது. டைல் நேராக நிற்கிறது. பக்கத்துச் சுவர்தான் சாய்ந்திருக்கிறது. புது அடுக்குமாடி வீட்டிலேயே இது உண்டு. பழைய அக்கிரகாரத்து வீட்டில் அரை அங்குலச் சாய்வு என்பது சர்வ சாதாரணம்.

ஆகவே அகலத்தை ஓர் இடத்தில் மட்டும் அளந்துவிட்டுப் போகாதீர்கள். மேடைக்குப் பக்கத்தில் ஒன்று, நடுவில் ஒன்று, மேலே ஒன்று என மூன்று இடத்தில் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். மூன்றும் ஒன்றாக வந்தால் உங்கள் அதிர்ஷ்டம். வராவிட்டாலும் பயமில்லை. 10 மில்லிமீட்டர் சாய்வு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 22 மில்லிமீட்டர் துண்டு கீழே 22 ஆகவும் மேலே 12 ஆகவும் குறுகும். பாதிக்குப் பாதி! யார் கண்ணுக்கும் தப்பாது. அதுவே 161 மில்லிமீட்டர் துண்டாக இருந்தால் மேலே 151 ஆகும். அளவுகோல் வைத்துப் பார்த்தாலொழியத் தெரியாது. ஓரத் துண்டு அகலமாக இருப்பதில் சுவரின் குற்றத்தை மறைக்கும் தர்மமும் சேர்ந்திருக்கிறது.

இடது கைப்பக்கமும் வலது கைப்பக்கமும் உள்ள சுவர்களுக்கும் டைல்ஸ் உண்டா? அப்படியானால் முதலில் அவற்றை ஒட்டிவிட்டு, பிறகு நடுச் சுவரை மறுபடி அளக்க வேண்டும். டைலின் தடிமன் சுமார் 8 மில்லிமீட்டர். அதன் பின்னால் பசை 4. இரண்டு பக்கமும் சேர்ந்து 24 மில்லிமீட்டரை அது தின்றுவிடும். அப்போது சுவர் 2414. கணவரின் ‘எட்டுக்கு எட்டு’ பலித்தாலும் பலித்துவிடும்! ஆனால் கையசைக்க இடமிராது. சுவர் கொஞ்சம் கோணினால் ஒரு டைல் உட்காராது. அப்போதும் 7 முழு டைலும் ஓரத்தில் பாதிப் பாதியும் என்று போவதே நிம்மதி.

எது நடு?

இதுவரை சுவரின் நடுவையே நடு என்று சொல்லிவந்தேன். எல்லா வீட்டிலும் அது பொருந்தாது. சில சமையலறையில் மேடைக்கு மேலே ஒரு ஜன்னல் இருக்கும். அது சுவரின் நடுவில் இராது. சில வீட்டில் அடுப்பு ஒரு பக்கமாக இருந்து, அதற்கு மேலே புகைபோக்கி கம்பீரமாக நிற்கும். அப்போது எதை நடுவாகக் கொள்வது?

உள்ளே நுழைந்ததும் கண் முதலில் எங்கே போகிறதோ அதுதான் நடு. ஜன்னல் இருந்தால் சந்தேகமே வேண்டாம், ஜன்னல்தான். வெளிச்சம் அங்கேதானே இருக்கிறது? ஜன்னலின் இரண்டு பக்கமும் டைல் சமமாக வெட்டுப்பட்டிருந்தால் சுவர் முழுவதுமே ஒழுங்காக இருப்பதுபோல் தோன்றும். சுவரின் ஓரங்களில் இடது துண்டும் வலது துண்டும் வேறுவேறாக வரத்தான் செய்யும். ஒரு மூலையில் குளிர்பெட்டி நிற்கும். இன்னொரு மூலையில் தண்ணீர்க் குடம் இருக்கும். யாரும் ஒப்பிட்டுப் பார்க்கமாட்டார்கள். ஜன்னலும் புகைபோக்கியும் இல்லாவிட்டால் சுவரின் நடுவே நடு.

எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுங்கள். ஒன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஜன்னலுக்கும் சமம், அடுப்புக்கும் சமம், சுவருக்கும் சமம் என்று மூன்றையும் பிடிக்கப் போனால் ஒன்றும் கிட்டாது. ஒரு கோலத்துக்கு ஒரு நடுதான்.

மேடை மூலையில் திரும்புகிற அமைப்பாக இருந்தால் ஒரு யுக்தி உண்டு. ஒரு சுவரில் மூலைக்கு வந்து வெட்டுப்பட்ட டைலின் மிச்சத் துண்டையே அடுத்த சுவரில் தொடங்கவேண்டும். துணி மடித்ததுபோல் டைல் மூலையில் மடங்கித் திரும்புவதாகத் தோன்றும். அங்கே இரண்டு சுவருக்கும் தனித்தனியே சமம் பார்க்க வேண்டியதில்லை. தொடர்ச்சிதான் அங்கே அழகு.

செங்கல் அடுக்குவதுபோல் ஒரு வரிசைக்கு அடுத்த வரிசையைப் பாதி தள்ளி ஒட்டும் மோஸ்தரும் இருக்கிறது. நம் கோலத்தில் இடைப்புள்ளி என்போமே, அதேதான். பார்க்க அழகாயிருக்கும். ஆனால் உங்கள் சுவருக்கு வேண்டாம். முதல் வரிசையில் ஓரத் துண்டு 161 என்று வந்தால், பாதி தள்ளிய இரண்டாம் வரிசையில் அது 10 மில்லிமீட்டர் ஆகிவிடும். விரட்டின பேய் வேறு கதவு வழியாக வந்தமாதிரி! நேர்ப்புள்ளியாகவே ஒட்டுங்கள்.

ஆத்தங்குடிக் கல் மீது ஆசைப்படுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. காரைக்குடிப் பக்கத்து ஆத்தங்குடியில் கண்ணாடித் தகட்டின்மேல் வண்ணச் சிமெண்ட் கலவையை ஊற்றிக் கையாலேயே வார்த்து, சூளையில் சுடாமல், தண்ணீரில் ஊறவைத்து, உலர்த்தி எடுக்கிறார்கள். நாலு கல் சேர்ந்தால் ஒரு பூ ஆகிற மாதிரிகள் அதில் அநேகம். அப்போது நடுக்கோட்டில் வரவேண்டியது பூவின் நடு. ஆகவே சந்துதான் நடுவில் வரும். ஓரத்தில் பூ முக்கால் நின்றாலும் பாதி நின்றாலும் இரண்டு பக்கமும் ஒன்றாக நிற்கும்படி பார்க்கவேண்டும். இன்னொன்று: சிமெண்டுக் கல் எண்ணெயையும் மஞ்சளையும் உறிஞ்சும். மேலே காப்புப் பூச்சு கொடுக்காமல் அடுப்புக்குப் பின்னால் ஒட்டாதீர்கள். கூடத்துத் தரைதான் அதற்குப் பிறந்த வீடு.

மேலும் கீழும்

இடம் வலம் பார்த்தாயிற்று. மேலும் கீழும் அப்படியே சமம் பார்க்கவேண்டுமா என்றால், வேண்டாம். மேடைமேல் முழு டைல் நிற்கட்டும். வெட்டுத் துண்டு வருமானால் மேலே அலமாரியின் நிழலில் போகட்டும்.

ஆனால் மேடைக் கல்லை நம்பி முதல் வரிசையை ஏற்றிவிடக் கூடாது. கடப்பைக் கல்லோ கருங்கல்லோ, சிலர் தண்ணீர் வடிவதற்காகத் தொட்டிப் பக்கம் கொஞ்சம் வாட்டம் வைத்துப் போட்டிருப்பார்கள். அந்த வாட்டத்தில் முதல் டைலை உட்காரவைத்தால், வரிசை முழுவதும் தொட்டிப் பக்கம் சரிந்துகொண்டே போகும்.

இதைக் கண்டுபிடிக்க மேஸ்திரியிடம் ரசமட்டம் இருக்கும். நீள மேடைக்கு அதைவிட நம்பகமானது டியூப் மட்டம். கண்ணாடி போன்ற ரப்பர்க் குழாயில் காற்றுக் குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, இரண்டு முனையையும் சுவரின் இரண்டு ஓரத்தில் பிடித்தால், தண்ணீர் இரண்டு பக்கமும் ஒரே மட்டத்தில் நிற்கும். அங்கே அங்கே குறி வைத்து நூல் பிடித்தால் அதுதான் நேர்கோடு. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் குடியிருப்பவர்கள் தண்ணீரை நம்பலாம்!

அந்தக் கோட்டிலிருந்து மேடைவரை இரண்டு ஓரத்திலும் அளந்து பாருங்கள். வித்தியாசம் 2, 3 மில்லிமீட்டருக்குள் இருந்தால் சந்திலேயே அடங்கிவிடும். அதற்கு மேல் போனால் முதல் வரிசை டைலின் அடிப்பக்கத்தை வாட்டத்துக்கு ஏற்றபடி செதுக்கச் சொல்லவேண்டும். மேடைக்கும் டைலுக்கும் நடுவிலுள்ள சந்தைச் சிமெண்டால் அடைக்காமல் சிலிக்கான் பசையால் அடையுங்கள். அந்த இடந்தான் முதலில் வெடிப்பது. தண்ணீர் உள்ளே இறங்குவதும் அங்கேதான்.

நடுக்கோட்டுக்கு மேலிருந்து தூக்குக் குண்டு விட்டு ஒரு செங்குத்துக் கோடு போட்டுவிட்டால், குறுக்கே ஒன்றும் நெடுக்கே ஒன்றுமாக இரண்டு கோடு கிடைத்துவிடும். முழுச் சுவரும் அந்த இரண்டு கோட்டுக்குள் அடக்கம்.

சிமெண்ட் குழைப்பதற்கு முன்னால்

கணக்கில் நம்பிக்கை வரவில்லையென்றால் கூடத்துத் தரையில் சாக்கட்டியால் 2438 மில்லிமீட்டருக்கு ஒரு கோடு போடுங்கள். அதன்மேல் டைல்களை வரிசையாக வைத்து, நடுவே சந்துக்குரிய பிளாஸ்டிக் துண்டுகளையும் வைத்துப் பாருங்கள். டைல்ஸ் இன்னும் வாங்கவில்லை என்றால் பழைய செய்தித்தாளை 300 மில்லிமீட்டராக வெட்டி வைத்தாலும் போதும். இரண்டடி தள்ளி நின்று பாருங்கள். வீட்டில் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டுங்கள். அபிப்பிராயம் சொல்கிறவர்கள் எல்லாம் அப்போதே சொல்லிவிடட்டும்.

மின்சாரக்காரர் வேலை இதற்கு முன்னாலேயே முடிந்திருக்கவேண்டும். மிக்ஸிக்கு ஒன்று, கிரைண்டருக்கு ஒன்று, மின் அடுப்புக்கு ஒன்று என்று சுவிட்ச் பெட்டிகள் வரும். அவை டைலின் நட்டநடுவில் வரட்டும், அல்லது சந்தின்மேல் சமமாக வரட்டும். டைலின் ஓரத்தை ஒரு விரல் கடித்துக்கொண்டு வந்தால், வெட்டும்போதே டைல் உடையும். உடையாவிட்டாலும் அழகு கெடும்.

வாங்கும்போது எல்லாப் பெட்டியிலும் ஒரே ஷேட் நம்பர் இருக்கிறதா என்று பாருங்கள். கடையில் வெள்ளையெல்லாம் வெள்ளையாகத்தான் தெரியும். சுவரில் ஏறினபிறகு ஒன்று பால், ஒன்று மோர்! 18 டைல் தேவையென்றால் 22 வாங்கிவிடுங்கள். வெட்டும்போது இரண்டு உடையும். மிச்சம் பின்னால் உதவும்.

பளபளப்புப் பூச்சுள்ள சாதாரணச் சுவர் டைல் தண்ணீரை நன்றாக உறிஞ்சும். சிமெண்டில் ஒட்டுவதானால் அதைத் தண்ணீரில் ஊறவைத்தே ஒட்டவேண்டும். விட்ரிஃபைட் டைல் என்று விற்கிறார்களே, அது அரை சதவீதங்கூட உறிஞ்சாது. வெறும் சிமெண்ட் அதைப் பிடிக்காது. அதற்கென்று உள்ள டைல் பசை அவசியம். சந்து அடைக்கத் தூய வெள்ளை வேண்டாம். மஞ்சள் பட்ட இடம் மஞ்சளாகவே நிற்கும். சாம்பல் நிறம் உத்தமம். கொஞ்சம் செலவு செய்ய முடிந்தால் எபாக்ஸிக் கலவை போடச் சொல்லுங்கள். அதில் எண்ணெய் இறங்காது.

மேஸ்திரியிடம் எப்படிச் சொல்வது?

இதுதான் பல சகோதரிகளுக்குப் பெரிய மலை. ‘இருபது வருஷமாக இந்த வேலை செய்கிறவரிடம் நான் என்ன சொல்வது?’ என்று ஒதுங்கிவிடுகிறார்கள். ஒட்டி முடிந்த பிறகு மனத்துக்குள் புழுங்குகிறார்கள்.

மேஸ்திரியின் பக்கத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. கூலி பெரும்பாலும் சதுர அடிக் கணக்கு. மூலையிலிருந்து முழு டைலாகப் பிடித்துக்கொண்டு போனால் வேலை வேகமாக நடக்கும். வெட்டுவது ஒரு பக்கந்தான். இரண்டு பக்கமும் வெட்டுவதென்றால் நேரம் கூடும். ஆகையால் இதைக் கூலி பேசும்போதே பேசிவிடவேண்டும். பாதி ஒட்டினபிறகு சொன்னால் அவருக்குக் கோபம் வருவதில் ஆச்சரியமில்லை. காகிதத்தில் படம் போட்டு, அளவுகளை எழுதி, காபியோடு கொடுங்கள்.

“மேஸ்திரி, சுவருக்கு நடு இங்கே. இந்தக் கோட்டுமேல் ஒரு முழு டைல் உட்காரட்டும். இரண்டு ஓரத்திலும் 161 வரும்.”

“மூலையிலிருந்து பிடிச்சா சீக்கிரம் முடிஞ்சிடுமே அம்மா?”

“முடியும். ஆனால் கடைசியில் 22 மில்லிமீட்டருக்கு ஒரு துண்டு வருமே, அதை உடையாமல் வெட்டிவிடுவீர்களா?”

அனுபவமுள்ள மேஸ்திரி இந்த இடத்தில் சிரித்துவிடுவார். அவ்வளவு ஒல்லியான துண்டை வெட்டுவதில் எத்தனை டைல் பாழாகும் என்று அவருக்குத் தெரியும். அந்த வேலையை இடது ஓரத்தில் தொடங்குகிறாரா, நடுவில் தொடங்குகிறாரா என்பதில் நீங்கள் தலையிட வேண்டாம். அது அவருடைய கைப்பழக்கம். கணக்கு நடுவிலிருந்து போட்டிருக்கவேண்டும். கோடு சுவரில் விழுந்திருக்கவேண்டும். அவ்வளவுதான் நமக்கு வேண்டியது.

வேலை முடிந்ததும் மிஞ்சின டைல்களைப் பெட்டியோடு தூக்கி எறிந்துவிடாதீர்கள். ஒரு துணியில் சுற்றி, ஷேட் நம்பரையும் நீங்கள் போட்ட படத்தையும் அதனுடனே கட்டி வையுங்கள். பத்து வருஷம் கழித்து இட்லிப் பானை இடித்து ஒரு டைல் விரிசல் விட்டால், அதே வெள்ளை எந்தக் கடையிலும் கிடைக்காது. அன்றைக்கு உங்கள் மருமகள் உங்களை வாழ்த்துவாள்.

எங்கே வைப்பது, பரணில் இடமில்லையே என்கிறீர்களா? பரணைப் பற்றி அடுத்த வாரம் பேசுவோம்.